பதினேழு நாள் கிளி

ஒரு மார்கழியில் பதினேழு நாள் நான் கிளியாக வேலை பார்த்திருக்கிறேன். இதுவரை எந்த விண்ணப்பத்திலும் இதை முன் அனுபவமாகக் குறிப்பிட்டதில்லை. வேலை இதுதான்: கொய்யாப்பழத்தைக் கிளி கொத்தியது போலக் கடித்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மோசடி என்று பத்து வயதுப் பையனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகவே தெரியும். தெரிந்ததோடு நிற்காமல், செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்று நாளுக்கு நாள் கடியை மேம்படுத்தியும் வந்தேன்.

செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அப்படியும் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிற நம் வயதுக்காரர்களுக்குக் கிளி கொத்திய பழத்தின் மகிமை நினைவிருக்கும். பேச்சு வராத பிள்ளைக்கு அதைத் தின்னக் கொடுத்தால் பேச்சு வந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். கிளி பேசும். அது கொத்திய பழத்தில் அதன் எச்சில் இருக்கும். எச்சில் வழியாகப் பேச்சு பிள்ளையின் நாக்கில் இறங்கும். தர்க்கத்தில் பெரிய ஓட்டை ஒன்றும் இல்லை, எங்கள் ஊர்க் கிளிகள் எதுவும் பேசி யாரும் கேட்டதில்லை என்பதைத் தவிர.

ஊர், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில். பஸ் நின்றால் ஊர், நிற்காவிட்டால் சீமைக்கருவேலங்காடு. அப்பாவுக்கு மெயின் ரோட்டிலேயே பலசரக்குக் கடை, கடைக்குப் பின்னால் வீடு. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, நான், என் தங்கச்சி. தங்கச்சிக்கு ஐந்து வயது முடியப் போகிறது, ஒரு சொல் பேசவில்லை. கடைக்கு முறையாக ஒரு பெயர்ப்பலகை உண்டு. ஊர் அதைப் படிக்கிற சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல் "ஊமைப் பிள்ளை கடை" என்றே சொன்னது. மிளகாய் வத்தலும் மல்லியும் மண்ணெண்ணெயும் கலந்த வாசத்துக்குள் உட்கார்ந்து, சொந்தக் கடைக்கு அந்தப் பெயரை அப்பா தினம் பத்து தடவையாவது கேட்டிருப்பார். ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை. பொட்டலத்தைச் சணலால் கட்டும்போது மட்டும் முடிச்சைக் கொஞ்சம் இறுக்கிப் போடுவார்.

அவள் நாக்குக்கு எல்லாம் செய்தாயிற்று. வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்துத் தடவினார்கள். கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். காதைப் பற்றி யாருக்கும் யோசனை போகவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. ரோட்டில் பஸ் வந்தால், கடைப் பலகையில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சி எல்லாருக்கும் முன்னால் திரும்பிப் பார்ப்பாள்.

"பஸ்ஸு சத்தம் கேட்டுத் திரும்புறா பாத்தியா? காது கத்தி மாதிரி. நாக்குதான் கொஞ்சம் திருகிக்கிட்டிருக்கு" என்பார் அப்பா.

அந்த வருஷ மழைக்குப் பிறகு அத்தை கிளிப்பழத்தைக் கையில் எடுத்தாள். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தினம் ஒரு பழம். ஒரு நாள் விட்டுப்போனாலும் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அடுப்படிச் சுவரில் அத்தை நாளுக்கொரு கரிக்கோடு போட்டாள். பழம் கொண்டுவருகிற பொறுப்பு எனக்கு. ஊருக்கு மேற்கே கிணற்றுப் பாசனத்தில் ஒரு தோட்டம் இருந்தது. தோட்டக்காரரை ஊரே மாமா என்று கூப்பிடும். அங்கே மூன்று கொய்யா மரங்கள். கரிசல் மண் மழையில் ஊறிக் காலில் அப்பிக்கொள்ள, ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண்ணோடு போய் மரத்தடியில் நிற்பேன்.

"ஏலே, ஊரு உலகத்துல கிளி கொத்தாத பழத்தைத்தான் கேப்பாங்க. நீ ஒருத்தன்தாம்லே கொத்துனதாக் கேட்டு வார. எடுத்துக்கிட்டுப் போ, எனக்கு மிச்சம்" என்பார் மாமா.

பழம் வந்ததும் அத்தை அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். இன்றைக்கு ஆய்வுக்கூடங்களில் கூட அப்படிப் பார்ப்பதில்லை.

"இது அணில் கரும்புனதுடா. போ, வேற கொண்டா."

இதற்கு நடுவில்தான் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா வந்தார். அம்மாவிடம் தனியாகப் பேசினார். அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் நடக்கப் போகிறது, பேசாத பிள்ளைகளுக்கு முதலில் காதைச் சோதித்துப் பார்ப்பார்கள், தேவையானவர்களை டவுனிலேயே ஒரு வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் முகாம். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளையை வகுப்பில் சேர்ப்பதில்லை. அடுத்த முகாமுக்குள் தங்கச்சிக்கு ஆறு தாண்டிவிடும். ஆகவே இந்தத் தடவை போனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா சுவரில் இருந்த கரிக்கோடுகளைப் பார்த்தார்.

"மண்டலம் முடியட்டும். பேச்சு வரலைன்னா கூட்டிட்டுப் போவோம். நடுவுல விட்டா தெய்வக்குத்தமாப் போயிரும்."

அம்மா விரல்விட்டு எண்ணினாள். நாற்பத்தெட்டாவது நாளும் முகாமும் ஒரே தேதியில் விழுந்தன. ஒரு நாள் தவறி எண்ணிக்கை ஒன்றுக்குத் திரும்பினால் முகாம் போயிற்று. இது எனக்கும் தெரிந்திருந்தது.

முப்பது நாள் வரைக்கும் கிளிகள் ஒத்துழைத்தன. அதற்குள் மானாவாரிப் புஞ்சைகளில் சோளம் பால் பிடித்துவிட்டது. பரளச்சிப் பக்கம் வரைக்கும் ஒரே கதிர். கிளிகளுக்கு எங்கள் வீட்டு நிலவரம் தெரியாது. கூட்டமாகக் கிளம்பிச் சோளக்காட்டுக்குப் போய்விட்டன. முப்பத்தோராம் நாள் மூன்று மரத்திலும் கொத்து விழுந்த பழம் ஒன்றுகூட இல்லை. நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒரு பழத்தைப் பறித்தேன். கடித்தேன். துப்பினேன்.

தங்கச்சியின் நன்மைக்காகவே கடித்தேன் என்று பிற்காலத்தில் சில இடங்களில் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு என் மனைவியிடமும் சொன்னேன். உண்மை அவ்வளவு உயரமில்லை. பழம் இல்லையென்று திரும்பினால் அத்தை என்னை இன்னும் மூன்று மைல் தள்ளியிருக்கும் அடுத்த தோட்டத்துக்கு விரட்டுவாள். எனக்கு நடக்கச் சோம்பல்.

அப்போது என் முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு வெளியேதான் குடியிருந்தன. பள்ளிக்கூடத்தில் அவற்றால் நான் பட்டது கொஞ்சமல்ல. கிளி வேலைக்கு மட்டும் கடவுள் அளவெடுத்துச் செய்தது போல அமைந்தன. முதல் கடி முரட்டுத்தனமாக இருந்தது. இரண்டு மூன்று நாளில், மேலாகக் கடித்துவிட்டு, பழம் கொண்டுபோகும் பையின் பிடியில் குத்தியிருந்த ஊக்கால் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துவிடும் நுட்பம் பிடிபட்டது. அத்தை பழத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கொத்து நல்லா ஆழமா விழுந்திருக்கு. பெரிய கிளி போலுக்கே" என்றாள். எழுத ஆரம்பித்த பிறகு எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டும் அவ்வளவு நிம்மதியைத் தந்ததில்லை.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாற்பத்தேழு நாளும் அவள் ஒரு வேளைதான் சாப்பிட்டாள். பிள்ளைக்கு மண்டலம் என்றால் தனக்கு விரதம் என்று அவளாகவே வைத்துக்கொண்டது. அவள் பசியில் சிடுசிடுக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சுபாவமே அப்படி என்று நினைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் அழகு காட்டிக்கொண்டிருந்தேன்.

இனி தங்கச்சி. அவள் பேச மாட்டாள் என்று வீடும் ஊரும் முடிவு கட்டியிருந்தாலும், நானும் அவளும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தோம், கையால். இதில் அன்பின் பங்கு குறைவு. கடையில் மிட்டாய் எடுக்கும்போது அப்பா பார்க்கிறாரா, திரும்பிவிட்டாரா, எத்தனை எடுக்கலாம் என்றெல்லாம் சத்தமில்லாமல் தகவல் பரிமாற வேண்டியிருந்தது. அப்படித் திருட்டில் தொடங்கிய பாஷை, சோறு தண்ணீர் மழை நாய் கோபம் என்று வளர்ந்து, யாரைப் பற்றி வேண்டுமானாலும் புறணி பேசுகிற அளவுக்கு வந்திருந்தது. ஆட்களுக்குப் பெயர்களை அவள்தான் வைத்தாள். மூக்குத்தி இடத்தைத் தொட்டால் அம்மா. கன்னத்தை நாக்கால் உப்பவைத்தால் வெற்றிலை அடக்கிய அத்தை. முன்பல்லில் விரலை வைத்தால் நான். அந்த மரியாதைதான் எனக்கு.

நாற்பத்தேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துக்கு நானும் வருவேன் என்று அடம்பிடித்துக் கூட வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஓணானைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்பி, நான் வழக்கம் போலக் கடித்தேன், துப்பினேன், ஊக்கால் கிழித்தேன். நிமிர்ந்தால் எதிரே நிற்கிறாள். இத்தனை நாளும் தான் தின்றது எது என்று அவளுக்குப் புரிந்த கணத்தை அவள் முகத்தில் பார்த்தேன். அருவருப்பு என்பதற்கு அதற்குமுன் எங்கள் பாஷையில் சைகை இருக்கவில்லை. அன்றைக்கு வந்தது.

வீட்டில் அத்தை பழத்தைத் துண்டு போட்டு நீட்டினாள். தங்கச்சி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அத்தை கொஞ்சினாள், மிரட்டினாள். அப்பாவும் கடையிலிருந்து எழுந்து வந்தார். அப்போது தங்கச்சி தட்டைத் தள்ளிவிட்டு எல்லாருக்கும் முன்னால் நின்று பேச ஆரம்பித்தாள். முன்பல்லில் விரலை வைத்தாள். வறக்கென்று கடித்துக் காட்டினாள். தட்டைச் சுட்டினாள். இரண்டு கையையும் விரித்துச் சிறகடித்தாள். பிறகு இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள்.

நான் அதுவரை கேட்ட வாக்கியங்களிலேயே தெளிவான வாக்கியம் அது. கொத்தியது கிளி இல்லை, இவன்.

"தம்பீ!" என்று அத்தை அப்பாவைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியாடா? வாயைத் தொடுறா. நாக்கு நமநமங்குது போல. கிளி மாதிரிச் செய்றாடா! பிள்ளைக்குள்ள கிளி எறங்கிருச்சு!"

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. ஐந்து வருஷத்தில் அவள் எதையாவது சொல்ல முயன்று அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது.

"வேலை செய்யுதுக்கா" என்றார். "இதை விடக்கூடாது. இன்னொரு மண்டலம் கொடுத்துருவோம். நாளைக்கு முகாமுக்கெல்லாம் வேண்டாம். வர்ற பேச்சு வர்ற வழியில நல்லபடியா வரட்டும்."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். அவள் சொன்னதை விளங்கிக்கொண்ட ஒரே ஆள் நான்தான். இன்னொரு நாற்பத்தெட்டு பழத்தை நினைத்தேனா, முகாமை நினைத்தேனா, அவள் பார்வையைத் தாங்க முடியவில்லையா, இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"கிளி இல்லப்பா. நான்தான் கடிச்சேன்" என்றேன்.

யாரும் நம்பவில்லை. கடைக் கூடையிலிருந்து ஒரு முழுக் கொய்யாவை எடுத்துக் கடித்து, தட்டில் இருந்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அத்தை இரண்டையும் வெளிச்சத்தில் பார்த்தாள். நிபுணருக்கு அதற்கு மேல் வேண்டாம்.

"எத்தன நாளா?" என்றார் அப்பா.

"பதினேழு நாளா."

அப்பா அடிக்கவில்லை. அத்தை முறத்தை எடுத்தாள். இரண்டு அடி விழுந்தது, மூன்றாவதுக்கு அவளுக்குத் தெம்பில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கரிக்கோடுகளைப் பார்த்தபடி, "அப்ப நாளையில இருந்து ஒண்ணுன்னு ஆரம்பிக்கணும்" என்றாள்.

அம்மா முறத்தை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாகச் சாத்தினாள்.

"மதினி, நீங்க மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்கு ஏழரை பஸ்ஸுக்குப் பிள்ளைய கூட்டிட்டு நான் போறேன். வாரவுக வாங்க."

அப்பா வந்தார். நானும் போனேன். முகாமில் ஒரு டீச்சரம்மா, காக்கி அட்டையில் விவரம் எழுதிக்கொண்டு, தங்கச்சியை சிமெண்டுத் தரையில் உட்காரவைத்து கையில் ஒரு சிலேட்டும் கலர்ச் சாக்பீஸும் கொடுத்தார். பின்பக்கம் தரையில் வைத்திருந்த ஒரு டிரம்மை ஒருவர் அடித்தார். தங்கச்சி சட்டென்று திரும்பினாள்.

"பாத்தீகளா!" அப்பா எழுந்தே விட்டார். "நான்தான் சொன்னேனே. காதெல்லாம் கேக்கும் டீச்சர். நாக்குதான்."

டீச்சரம்மா ஒரு கட்டிலில் மெத்தையைப் போட்டு அதன்மேல் தங்கச்சியை உட்காரவைத்தார். டிரம்மைத் தரையிலிருந்து எடுத்துக் கையில் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அடித்தார்கள். பக்கத்து அறையில் ஒரு கைக்குழந்தை பயந்து அழுதது. தங்கச்சி மூக்கு உறிஞ்சிக்கொண்டு ஒரு கோழி வரைந்துகொண்டிருந்தாள்.

"தரை அதிர்ந்தாத்தான் திரும்புறா, சார்."

"இன்னொரு தடவ அடிங்க" என்றார் அப்பா.

அடித்தார்கள். கோழிக்கு ஒரு கால் முளைத்தது.

"கொஞ்சம் ஓங்கி அடிங்க. விளையாட்டு கவனம் அவளுக்கு."

மூன்றாவது தடவையும் அடித்தார்கள். அப்பா அதற்குப் பிறகு கேட்கவில்லை. வெளியே பஸ் போகும்போதெல்லாம் கடைப் பலகை ஆடும் என்பது அவருக்கு அந்த நேரம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உள்ளங்கையைத் தரையில் வைத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல இவகூட யார் பேசுவீங்க?" என்றார் டீச்சரம்மா.

"எங்கிட்டு டீச்சர் பேச. அவதான் பேசுறதே இல்லையே" என்றாள் அம்மா. ஆனால் தங்கச்சி கட்டிலிலிருந்து இறங்கி வந்து என் சட்டையை இழுத்து, தண்ணீர் தாகம், இந்த அம்மா எதற்கு இத்தனை தடவை எழுதுகிறாள், கோழியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று வரிசையாகக் கேட்டாள். நான் பதில் சொன்னேன். டீச்சரம்மா பேனாவை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கைச் சைகை ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டு எழுதினார். ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கமும் போனது.

"அப்பாவுக்கு என்ன காட்டுவா?"

தங்கச்சி ஒரு கையால் தராசைத் தூக்கிப் பிடித்தாள். இன்னொரு கைச் சுண்டுவிரலால் ஒரு தட்டை லேசாக அமுக்கினாள்.

"தராசு சரி. இந்தச் சுண்டுவிரல் எதுக்கு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். உண்மை சொல்லி முறத்தடி பட்டு முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. இருந்தாலும் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு இருமல் வந்தது. ஊரில் ஒரு வாடிக்கையாளர் கண்ணிலும் படாத விரல் அது. அதற்குப் பிறகு தங்கச்சி கடையில் இருக்கும் நேரங்களில் மட்டும் அப்பா சுண்டுவிரலை மடக்கியே வைத்திருந்தார்.

"மொழி இருக்கு சார் பிள்ளைகிட்ட. வீட்டுல உள்ளவங்கதான் படிக்கல" என்றார் டீச்சரம்மா. "வகுப்புல சேத்துக்கறோம். ஒரு நிபந்தனை. அம்மாவும் தினம் வரணும், கூட உக்காந்து படிக்கணும். பிள்ளைய மட்டும் விட்டுட்டுப் போற கதை இங்க கிடையாது."

ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மா, மூன்று வருஷம் ஏழரை பஸ்ஸில் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். அப்பா சோறு வடித்தார். சில நாள்தான் அது சோறாக வந்தது. அம்மா வீட்டில் உள்ள எல்லாவற்றிலும் பெயரெழுதித் தாள் ஒட்டினாள், கதவு, குடம், அடுப்பு என்று. தங்கச்சி முதன்முதலில் தானாக எழுதிய தாளை உறங்கிக்கொண்டிருந்த அத்தையின் முதுகில் ஒட்டினாள். "அத்தை" என்று சரியாகவே எழுதியிருந்தாள். அத்தை அதைக் கிழிக்காமல் சாயங்காலம் வரை அப்படியே ஊருக்குள் போய்வந்தாள்.

காதுக்கு ஒரு மிஷினும் கொடுத்திருந்தார்கள். தீப்பெட்டிப் பாக்கெட் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். அம்மா தைத்த துணிப்பையில் போட்டுத் தங்கச்சி அதை நெஞ்சில் கட்டிக்கொள்வாள். ஊர்ப் பிள்ளைகள் அதை ரேடியோ என்று முடிவுசெய்து, பாட்டு வைக்கச் சொல்லிப் பின்னாலேயே அலைந்தார்கள். பெரியவர் ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார். அந்த மிஷின் இப்போது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. தங்கச்சி இன்று ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். வீடியோ அழைப்பில் வந்து மேலதிகாரியைப் பற்றி இரண்டு கையாலும் புறணி பேசுகிறாள். முன்பல்லை டாக்டரிடம் காட்டி நான் சரிசெய்து பல வருஷம் ஆகியும் என் பெயரை மாற்றவில்லை.

போன மாதம் அருப்புக்கோட்டையில், இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் தாய் தகப்பன்மாருக்கு ஒரு கூட்டம் நடத்தினார்கள். கூடப் பிறந்தவர்கள் சார்பில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மல்லாங்கிணறு, ரெட்டியபட்டிப் பக்கமிருந்தெல்லாம் இளவயதுத் தாய்மார்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கதையைச் சொன்னேன். நான் உண்மையைச் சொன்ன இடத்தில் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் நிறுத்தி, அந்த ஒரு வாக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே திருப்பியது என்கிற பொருள்பட எதையோ சொல்லி முடித்தேன். நன்றாகக் கைதட்டினார்கள். ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அம்மா பேசாமல் வந்தாள். நெகிழ்ந்து போயிருக்கிறாள் என்று நினைத்து, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தாம்லே பேசுன" என்றாள். "ஆனா நீ சொல்லலைன்னாலும் நான் போயிருப்பேன். மண்டலமாவது மண்ணாங்கட்டியாவது. நர்சம்மா வந்த அன்னைக்கே பிள்ள பேரைக் கொடுத்து அனுப்பிட்டேன். நீ சொன்னதால நடந்தது ஒண்ணே ஒண்ணுதான். உங்கப்பாவும் கிளம்பி வந்துட்டாக. கல்யாணமாகி வந்ததுக்கு ஒருநா பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்து பாத்துக்கிட்டே போகலாம்னு இருந்தேன். ஏறுன ஒடனே அந்த எடத்துல அவுக உக்காந்துக்கிட்டாக."